வெற்றுக் கட்டங்கள்

தெரிந்த விடையை எழுதுதல் எவர்க்கும் எளிது. தெரியாத இடத்தைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு வெறுமையாக விட்டுவைத்தல் அரிது. அந்த அரிய செயலின் பெருமையை எனக்கு முதன்முதலில் உணர்த்தியது அறநூல் அன்று. எங்கள் பள்ளியின் வேதியியற் கூடத்துச் சுவரில் தொங்கிய ஒரு பழைய அட்டவணையே ஆகும்.

அப்பொழுது நான் பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியர் ஐந்து உலோகத் துண்டுகளை மேசைமேல் வைத்தார். அலுமினியம், துத்தநாகம், இரும்பு, செம்பு, ஈயம் என்னும் அவ்வைந்தின் அடர்த்தியையும் கண்டு எழுதுமாறு எங்களைப் பணித்தார். துண்டைத் தராசில் நிறுக்க வேண்டும். பின்னர் அதனை நூலில் கட்டி, அளவு ஜாடியிலுள்ள நீரில் அமிழ்த்தி, நீர்மட்டம் எவ்வளவு உயர்கின்றது என்று பார்க்க வேண்டும். எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நான்கு துண்டுகளை நான் அளந்து முடித்தேன். ஈயத்தைக் கையில் எடுத்தபோது மணி அடித்துவிட்டது.

என் ஏட்டில் ஈயத்திற்குரிய கட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. நிரம்பிய நான்கு கட்டங்களும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நிரம்பாத அந்த ஒன்றே உறுத்தியது. அருகில் இருந்த நண்பனின் ஏட்டைப் பார்த்தேன். அதில் 13.1 என்று எழுதியிருந்தது. அதனை அப்படியே என் ஏட்டில் எழுதி, ஆசிரியரின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஆசிரியர் என்னை அழைத்தார். "தம்பி, ஈயத்தை நீயே அளந்தாயா?" என்று கேட்டார்.

"அளந்தேன், ஐயா" என்றேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. "ஈயத்தின் அடர்த்தி 11.3. உன் நண்பன் அளந்து கண்டதும் அதுவே. அவனுடைய குறிப்புத் தாளில் சரியாகத்தான் இருக்கின்றது. ஏட்டில் எழுதும்போது இலக்கங்களை இடம் மாற்றி 13.1 என்று எழுதிவிட்டான். அது அவனது கைப்பிழை. அவனது கைப்பிழை உன் கைக்கு எப்படி வந்தது?" என்றார்.

நான் விடை கூற இயலாது தலைகுனிந்து நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு, சுவரில் தொங்கிய தனிம அட்டவணையின் அருகே அழைத்துச் சென்றார். "இதனை வகுத்தவரும் உன்னைப் போலவே வெற்றுக் கட்டங்களின்முன் நின்றவர்தாம். அவர் என்ன செய்தார் என்பதைக் கேள்" என்று தொடங்கினார். அன்று அவர் சொன்னதையும், அதனால் ஆர்வம் பெருகிப் பின்னாளில் நான் கற்றறிந்ததையும் இங்கே சேர்த்துக் கூறுகின்றேன்.

உருசிய நாட்டின் சைபீரியப் பகுதியில் தொபோல்ஸ்க் என்னும் ஊரில் 1834ஆம் ஆண்டு மென்டெலீவ் பிறந்தார். அவர் இளைஞராகும் முன்பே தந்தை இறந்தார். தாயார் நடத்திவந்த கண்ணாடித் தொழிற்சாலையும் தீக்கிரையாயிற்று. ஆயினும் அத்தாயார் மனம் தளரவில்லை. மகனின் கல்விக்காக நெடுந்தொலைவு பயணம் செய்து, முதலில் மாஸ்கோவுக்கும் பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க்குக்கும் அவரை அழைத்துச் சென்றார். 1850ஆம் ஆண்டு மகனுக்குக் கல்விக் கழகத்தில் இடம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே தாயார் உயிர் நீத்தார். அம்மகன் பிற்காலத்தில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வேதியியற் பேராசிரியர் ஆனார்.

தம் மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது மென்டெலீவுக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றியது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. அவற்றை எந்த முறையில் வரிசைப்படுத்துவது? அவர் தனிமங்களை அணு எடையின் ஏறுமுகமாக அமைத்துப் பார்த்தார். அப்போது ஒரு வியப்பைக் கண்டார். சில தனிமங்களைக் கடந்ததும் முன்பு கண்ட பண்புகளே மீண்டும் தலைகாட்டின. லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்னும் மூன்றும் கத்தியால் அறுக்கத்தக்க மென்மை உடையவை. நீர் பட்டால் வினைபுரிபவை. வரிசையில் தொலைவில் நின்ற இவை, பண்பால் உடன்பிறந்தவை போல் இருந்தன. இவ்வாறு ஒத்த பண்புடையவற்றை ஓரணியாக நிறுத்தி, 1869ஆம் ஆண்டு அவர் தம் அட்டவணையை வெளியிட்டார்.

ஆனால், எல்லாத் தனிமங்களும் எளிதில் அடங்கிவிடவில்லை. துத்தநாகத்தின் அணு எடை 65. அதற்கு அடுத்து அன்று அறியப்பட்டிருந்தது ஆர்சனிக். அதன் அணு எடை 75. எடையை மட்டும் நோக்கினால் ஆர்சனிக் அலுமினியத்தின் இனத்தில் சேர வேண்டும். பண்பை நோக்கினாலோ அது பாஸ்பரசின் இனம். வேறொருவராயின் கட்டத்தை நிரப்புவதற்காக ஆர்சனிக்கை அங்கேயே தள்ளியிருப்பார். மென்டெலீவ் அவ்வாறு செய்யவில்லை. அலுமினியத்தின் கீழ் ஒரு கட்டத்தையும், சிலிக்கனின் கீழ் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டு, ஆர்சனிக்கை அதற்குரிய இடத்தில் வைத்தார். இன்னும் காணப்படாத தனிமங்கள் அங்கு வரும் என்றார். அவற்றிற்கு வடமொழியின் 'ஏக' என்னும் எண்ணுச்சொல்லைச் சேர்த்து, ஏக அலுமினியம், ஏக சிலிக்கன் என்று பெயரும் இட்டார். 1871ஆம் ஆண்டு அவற்றின் பண்புகளையும் விரிவாக எழுதினார்.

1875ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் புவாபோத்ரான் துத்தநாகத் தாதுவில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதற்குக் காலியம் என்று பெயரிட்டார். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அளந்தார். ஏக அலுமினியத்தின் அடர்த்தி ஏறக்குறைய 5.9 ஆதல் வேண்டும் என்று முன்னரே கணித்திருந்த மென்டெலீவ், உலோகத்தை மேலும் தூய்மைப்படுத்தி அளக்க வேண்டும் என்று தெரிவித்தார். கையில் உலோகத்தை வைத்திருந்தவர் ஒருவர். அதனைக் கண்ணாலும் காணாதவர் மற்றொருவர். தூய்மை செய்து மீண்டும் அளந்தபோது அடர்த்தி 5.9 என்றே வந்தது! 1879இல் ஸ்காண்டியமும், 1886இல் ஜெர்மானியமும் அவர் விட்டுவைத்த வேறு இரு கட்டங்களில் வந்து அமர்ந்தன. ஜெர்மானியத்தின் அணு எடை 72 என்று அவர் கணித்திருந்தார். இன்று நாம் அறிவது 72.6.

மென்டெலீவ் எல்லாவற்றையும் முன்னறிந்தவர் அல்லர். 1894இல் ஆர்கான் கண்டறியப்பட்டபோது, அதற்கு அவருடைய அட்டவணையில் கட்டமே இல்லை. பின்னர் நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றோடு அதற்கெனப் புதிய அணி ஒன்று சேர்க்கப்பட்டது. மேலும், எடை மிகுந்த டெலூரியத்தை, எடை குறைந்த அயோடினுக்கு முன் அவர் வைத்தார். பண்பை நோக்க அதுவே பொருத்தமாயிருந்தது. ஏன் என்பது அவர்க்கு விளங்கவில்லை. டெலூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பர் என்று அவர் எண்ணினார். உண்மையில் அளவு சரியே. காரணம் அணுவின் உள்ளே மறைந்திருந்தது.

அணுவின் உள்ளமைப்பு மெல்ல மெல்லப் புலனாயிற்று. 1897இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். 1911இல் ரூதர்போர்டு, அணுவின் நடுவில் நேர்மின்னேற்றம் கொண்ட உட்கரு ஒன்று உண்டு என்று காட்டினார். அணுவை ஒரு பெரிய விளையாட்டுத் திடலின் அளவுக்குப் பெருக்கினால், உட்கரு அதன் நடுவில் வைத்த மிளகின் அளவே இருக்கும். ஆயினும் அணுவின் எடையெல்லாம் ஏறக்குறைய அம்மிளகிலேயே அடங்கும். 1913இல் மோஸ்லி என்னும் இளைஞர், ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தார். தனிமத்தின் இடத்தை அறுதியிடுவது எடை அன்று, உட்கருவின் மின்னேற்றமே என்று கண்டார். அதுவே அணு எண். உட்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டெலூரியத்திற்கு 52, அயோடினுக்கு 53. மென்டெலீவின் வரிசை சரியாயிற்று.

பண்புகள் மீண்டும் வருவதன் காரணமும் பின்னர்த் தெளிவாயிற்று. எலக்ட்ரான்கள் உட்கருவைச் சூழ்ந்து அடுக்கடுக்கான கூடுகளில் அமைந்துள்ளன. லித்தியத்தில் அவை 2, 1 எனவும், சோடியத்தில் 2, 8, 1 எனவும், பொட்டாசியத்தில் 2, 8, 8, 1 எனவும் நிற்கின்றன. மூன்றிலும் புறக்கூட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதனாலேயே அம்மூன்றும் ஓரினம் போல் நடக்கின்றன.

மோஸ்லியும் கட்டங்களை வெறுமையாக விட்டவரே. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் காணப்படவில்லை என்று அவர் எழுதினார். அவை கிடைத்ததைக் காண அவர் இல்லை. முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, கலிப்போலியில் தம் இருபத்தேழாம் அகவையில் அவர் உயிர் இழந்தார். 75ஆம் தனிமம் 1925இலும், 43ஆம் தனிமம் 1937இலும், 61ஆம் தனிமம் 1945இலும் கிடைத்தன. அவர் மறைந்தார், அவர் விட்டுவைத்த இடங்கள் பிறர்க்கு வழிகாட்டின.

ஆசிரியர் பேசி முடித்தபின் ஓர் அழிப்பானை என் கையில் கொடுத்தார். "பொய்யான எண் நிரம்பிய கட்டத்தை எவரும் மீண்டும் தேடார். வெறுமையான கட்டமோ, என்னைத் தேடு என்று அழைத்துக்கொண்டே இருக்கும். முதலில் அதை வெறுமையாக்கு" என்றார். நான் 13.1 என்பதை அழித்தேன்.

அன்று மாலை நான் தனியே இருந்து ஈயத்தை அளந்தேன். 11.2 என்று வந்தது. சரியான விடை 11.3 என்பது எனக்குத் தெரியும். அவ்வாறே எழுதிவிடக் கையும் துடித்தது. இரண்டாம் முறை அளந்தேன், மீண்டும் 11.2. அதனையே எழுதி ஆசிரியரிடம் காட்டினேன். அவர் புன்முறுவலுடன் அதன் கீழே கையொப்பமிட்டார்.

நாங்கள் அன்று பார்த்த அட்டவணையின் ஏழாம் வரிசை நிரம்பாதிருந்தது. 2016ஆம் ஆண்டு நான்கு புதிய தனிமங்கள் பெயர் பெற்றன. 118ஆம் கட்டத்தோடு அவ்வரிசை நிறைவெய்தியது. 101ஆம் தனிமம் மென்டெலீவியம் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. இப்போது எட்டாம் வரிசையின் முதற்கட்டம் வெறுமையாக இருக்கின்றது.

மாணவர்களே, உங்கள் ஏட்டிலும் என்றேனும் ஒரு கட்டம் வெறுமையாக நிற்கும். அதனைக் கண்டு நாணாதீர்கள். பிறர் ஏட்டைப் பாராதீர்கள். மறுநாள் சென்று அளந்து பாருங்கள்.