ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வலி

 

கொஞ்சம் நீளமான பதிவு. கதைக்க வெட்கப்படும் விடயமும்கூட. ஆனாலும் ஆண்கள் கடைசிவரை வாசியுங்கள். வீட்டில் தகப்பனோ கணவனோ மகனோ இருக்கிற சகோதரிகளும் வாசியுங்கள்.

எங்களோடு பல வருடம் படிப்பித்த ஒரு நானா இருக்கிறார். பெயர் வேண்டாம். "நான் பட்ட பாட்டை எழுதுங்கோ, என்னை எழுதாதீங்கோ" என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம்.

ஹட்டனிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து, மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போவார். அங்கே ஆசிரியர்களுக்கென்று ஒழுங்கான மலசலகூடம் பல காலம் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விடும்வரை அடக்கிக்கொண்டே படிப்பிப்பார். இந்தக் குளிரில் சிறுநீரை அடக்குவது என்றால் என்னவென்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டப் போகிறவருக்கும், மருந்து அடிக்கிறவருக்கும், கடையைத் தனியாகப் பார்க்கிறவருக்கும் இதே கதைதான்.

நாற்பது வயது தாண்டியதும் ஆரம்பித்தது. சிறுநீர் கழிக்கப் போனால் உடனே வராது. வந்தாலும் நூல் மாதிரி வரும். முடித்து வெளியே வந்ததும் இன்னும் மிச்சம் இருப்பது போல் இருக்கும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பது போல வலி. கண்டிக்குப் போவதென்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. ஜும்ஆவுக்கு வந்தால் கடைசி வரிசையில் கதவோரமாக நிற்பார். பிறகு அதுவும் நின்றது.

மூன்று வருடம் இப்படியே போனது. போன இடமெல்லாம் "புரொஸ்டேட்டில் கிருமி" என்று அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு தடவைகூடக் கிருமி காட்டவில்லை. நடுவில் ஒருவர் ஆண்மைக் குறைவு என்று சொல்லி லேகியமும் விற்றார்.

கடைசியில் யூரோலொஜிஸ்ட் என்று நாம் சொல்லும் சிறுநீர்த்தொகுதி நிபுணர் ஒருவர், ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், உங்கட புரொஸ்டேட்டில பெரிசா ஒண்டும் இல்ல. சுத்தி இருக்கிற தசைதான் இறுகிப் போய் இருக்கு. அது விடுறதுக்கு மறந்துட்டுது."

அந்தத் தசையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஏணை கட்டியது போல ஒரு தசைக் கூட்டம் இருக்கிறது. இடுப்புத்தளத் தசை என்பார்கள். பெண்களுக்கு மட்டும் அல்ல, ஆண்களுக்கும் உண்டு. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குவது அதுதான். நாம் அடக்கும்போது இறுக வேண்டும், கழிக்கும்போது தளர வேண்டும். தளராமல் போனால் சிறுநீர் தடைப்படும், மலச்சிக்கல் வரும், அந்த இடம் முழுக்க வலிக்கும், கணவன் மனைவி உறவிலும் வலி வரும். நாட்பட்ட புரொஸ்டேட் அழற்சி என்று பெயர் சூட்டப்படும் ஆண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் கிருமியே இருப்பதில்லை. அவர்களில் நிறையப் பேருக்கு இந்தத் தசை இறுக்கம் இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விடயம். யூடியூபில் "கீழ்த்தசையை இறுக்கிப் பிடித்து விடுங்கள்" என்று கெகல் பயிற்சி காட்டுகிறார்கள். தசை தளர்ந்து சிறுநீர் கசிகிறவர்களுக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகிப் போனவருக்கு அது வலியைக் கூட்டலாம். பரிசோதிக்காமல் செய்ய வேண்டாம்.

நானாவுக்கு முதலில் கிடைத்தது ஊசி அல்ல, பிசியோதெரபி. வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சிழுத்து, வெளியே விடும்போது கீழ்த்தசையையும் விடப் பழக்கினார்கள். இளஞ்சூட்டு வெந்நீரில் உட்காரச் சொன்னார்கள். மலச்சிக்கலைச் சரியாக்கினார்கள். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. மிச்ச வலி போகவில்லை. அப்போதுதான் பொட்டுலினம் ஊசியைப் பற்றிக் கதைத்தார்கள். சினிமாக்காரர் முகச் சுருக்கத்துக்குப் போடும் போடொக்ஸ் ஊசிதான் அது.

இது உண்மையில் ஒரு நஞ்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பக்டீரியா உண்டாக்குவது. சுமார் 200 வருடத்துக்கு முன்பு ஜெர்மனியில் ஜஸ்டினஸ் கெர்னர் என்ற வைத்தியர், கெட்ட சொசேஜ் சாப்பிட்டுச் செத்தவர்களை வைத்து இதை விளக்கினார். பெயரே சொசேஜுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் அசிற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை இது மறிக்கிறது. மணி அடிக்காவிட்டால் வகுப்பு எழும்பாதது போல, செய்தி வராத தசை இறுகாது. அதையே மிக மிகச் சிறிய அளவில் மருந்தாக்கினார்கள். 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தின வருடமே, முதுகுத்தண்டு அடிபட்டுச் சிறுநீர் வாசல் தசை திறக்காமல் தவித்த ஆண்களுக்கு மின்னசோட்டாவில் டைக்ஸ்ட்ரா என்ற வைத்தியர் போட்டுப் பார்த்ததை வெளியிட்டிருந்தார். முதுகுத்தண்டு அடிபட்டவரின் சிறுநீர்ப்பைக்கு 2011இலும், அடக்க முடியாமல் அவசரமாக வரும் சிறுநீருக்கு 2013இலும் அங்கே அனுமதி வந்தது.

ஆகவே நிழல் மரத்திலோ மிளகுக் கொடி ஏறிய மரத்திலோ இருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட நம் பிள்ளைகள் இருந்தால், சிறுநீர்ப்பைக்கு இந்த ஊசி பொருந்துமா என்று வைத்தியரிடம் தைரியமாகக் கேளுங்கள். அங்கே ஆதாரம் பலமானது.

நானாவுக்கு இருந்தது போன்ற இடுப்புத்தள இறுக்கத்துக்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை. ஆண்களில் நடந்த ஆய்வுகள் சிறியவை. சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த நிபுணர் இதை மறைக்காமல் சொன்னார். மயக்கம் கொடுத்து, விரலாலோ ஸ்கேனாலோ இடம் பார்த்து தசைக்குள் போடுவார்கள். சில நாளில் வேலை செய்யத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் நரம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். நிரந்தரத் தீர்வு அல்ல.

கெடுதியும் இருக்கிறது. தசை அளவுக்கு மீறித் தளர்ந்தால் சிறுநீர், வாயு, சிலவேளை மலமும் கசியலாம். சிறுநீர்ப்பையில் போட்டவருக்குச் சிறுநீர் கட்டிக்கொண்டு, கொஞ்சக் காலம் குழாய் போட்டு எடுக்க வேண்டி வரலாம். தசைச் சோர்வு நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜென்டமைசின் போன்ற அன்டிபயோட்டிக் எடுப்பவரும் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

நானா ஒரு தடவை போட்டார். இரண்டு வாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. அதன் பிறகு மூன்று மாதம் போல வலி நன்றாக அடங்கியது. அந்த மூன்று மாதத்தில்தான் பயிற்சியைச் சரியாகச் செய்ய முடிந்தது என்கிறார். இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை. இப்போதும் சில நாள் வலி வரும். ஆனால் கண்டி பஸ்ஸில் தண்ணீர்ப் போத்தலோடு போகிறார்.

கசிந்த அந்த இரண்டு வாரம் அவரை அதிகம் வாட்டியது தொழுகைக் கவலைதான். எங்கள் ஊர் மௌலவியிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தொடர்ந்து கசிகிறவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்றார். வக்து நுழைந்த பிறகு சுத்தம் செய்து, துணியோ பேட்டோ வைத்து, வுழூ செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். தொழும்போது கசிந்தாலும் தொழுகை செல்லும். ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூ செய்ய வேண்டும். இந்தச் சட்டம் கிதாபுகளில் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. அதாவது, இந்த நோய் நமக்கு மட்டும் வந்த அவமானம் அல்ல.

"அந்த ஊசி ஹலாலா?" என்றும் சிலர் கேட்டார்கள். மலேசியாவின் தேசிய பத்வாக் குழு 2006இல் அழகுக்காகப் போடுவதைத் தடுத்தது. நிபுணர் பார்த்துச் செய்யும் மருத்துவத் தேவைக்கு இடம் விட்டது. உங்கள் விடயத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போங்கள். டிக்கோயா கிளங்கனாக இருக்கலாம், நுவரெலியாவாக இருக்கலாம். பணம் இல்லை. வெட்கப்படாமல் எல்லா அறிகுறியையும் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் கொப்பித் தாளில் எழுதிக் கொடுங்கள். கண்டியிலோ பேராதனையிலோ உள்ள சிறுநீர்த்தொகுதி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். நேரடியாக ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்பவரிடம் போக வேண்டாம். பரிசோதனை, பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் முடிந்த பிறகு வரும் படிதான் அது.

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அறவே வராமை, காய்ச்சலோடு வலி, இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப்போய் கால் பலம் குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பெண்களின் சுகத்தை விசாரிக்கக் குடும்பநலத் தாதி லயத்துக்கே வருகிறார். ஆண்களிடம் யாரும் வந்து கேட்பதில்லை. அதனால் நாமே ஒருவரை ஒருவர் கேட்போம். பள்ளிவாசலிலோ கோயிலிலோ சேர்ச்சிலோ திடீரென்று வராமல் போன ஆளைப் பற்றிப் புறம் பேசாமல், ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். கிளினிக்குக்குத் தனியாகப் போக வெட்கமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். சனிக்கிழமை கிளினிக் இல்லை, பள்ளிக்கூட லீவு நாளொன்றைப் பார்த்து எங்களில் ஒருவர் கூட வருவோம்.

எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும்.