காத்திருக்கும் பணம்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா கூட்டு எடுத்தார். முப்பது வருடமாகக் கூட்டு கட்டுகிறவர். எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். "அவசரப்படுறவளுக்குத்தான் நட்டம்" என்பது அவருடைய பொருளாதாரம். இந்த முறை இரண்டாவது மாதமே ஏலம் கேட்டுவிட்டார்.

இருபது பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. மொத்தம் 4,000. அதில் 600 வெள்ளியைத் தள்ளி, 3,400 வெள்ளியோடு கிள்ளான் வீட்டுக்கு வந்தார். தள்ளிய 600 இருபது பேருக்கும் பிரிந்துபோகும். இனிப் பதினெட்டு மாதம் கட்டவேண்டும்.

பணம் எண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வெந்தயம், செம்பருத்தி சேர்த்து அம்மா காய்ச்சும் தலைக்கெண்ணெய். கடையில் வைத்து விற்கவேண்டுமானால் அழகுப்பொருள் என்று மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதியவேண்டும். வீட்டு அடுப்படி அதற்கு ஆகாது. அம்மாவின் பக்குவத்திலேயே செய்துதர ஒரு சிறு தொழிற்சாலை ஒப்புக்கொண்டது. 500 போத்தலுக்குக் குறையக்கூடாது, பணம் முன்கூட்டியே. பங்சாரில் ஒரு கடை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. விற்ற பிறகு, அறுபது நாள் கழித்துப் பணம்.

"கடன் திட்டமெல்லாம் இருக்கேம்மா" என்றேன். பொய்யில்லை. வங்காளதேசத்து கிராமின் வங்கியைப் பார்த்து 1987இல் தொடங்கிய அமானா இக்தியார், ஈடு கேட்காமல் பெண்களுக்குக் கடன் தருகிறது. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற பெயரில் 5 கோடி வெள்ளி ஒதுக்கியது. தெக்குனில் ஸ்பூமி இருக்கிறது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "எப்ப கிடைக்கும்?" என்னிடம் பதிலில்லை. கூட்டு பிடிக்கும் அக்காவிடம் பதில் இருந்தது: ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி.

1971இல் வந்த ஒரு மலேசியச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. கூட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் சட்டம். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பேரு சட்டத்துல ஏறினது இதுக்குத்தானா?" என்று சிரித்தார்.

கடையில் அம்மாவின் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஷியா வெண்ணெய் டப்பாக்கள் இருந்தன. ஷியா, நம் இலுப்பையின் குடும்பத்து மரம். வடக்கு கானாவில் பெண்கள் அதன் கொட்டையைப் பொறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, அரைத்து, கையால் கடைந்து வெண்ணெய் எடுக்கிறார்கள். கொட்டை உதிர்வது மழைக்காலத் தொடக்கத்தில். வீட்டுக் குதிர் காலியாகும் நேரமும் அதுவே. சில மாதம் வைத்திருந்தால் நல்ல விலை வரும். வைத்திருக்க முடியாதவள் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறாள். அவளுக்குக் கொடுக்கப்படும் கடன் உண்மையில் பணமல்ல, சில மாத அவகாசம். அந்த அவகாசத்தின் விலைதான் அம்மா தள்ளிய 600 வெள்ளி.

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயர்களே பங்சார் ஆனதாகச் சொல்வார்கள். ரப்பர் கன்று பால் தர ஆறேழு வருடமாகும். அத்தனை வருடம் காத்திருக்கக்கூடிய பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பால் வெட்டிய நம் ஆட்களின் பணத்துக்கு அடுத்த சம்பள நாள் வரைக்கும்கூடக் காத்திருக்கத் தெரியாது.

இதையெல்லாம் எழுதும் எனக்கு வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது. அம்மா கூட்டு எடுத்த அன்றும் இருந்தது. நான் திட்டங்களின் பெயர்களைச் சொன்னேனே தவிர, "என்கிட்ட வாங்கிக்கம்மா" என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

கடைக்காரர் பணம் தந்தது ஜனவரியில். 500 போத்தலில் 430 விற்றிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த அம்மா, "600 வெள்ளி போகாம இருந்திருந்தா இன்னும் நூறு போத்தல் செய்திருக்கலாம்" என்றார்.

"ஏம்மா என்கிட்ட கேக்கல?"

"கூட்டுல வாங்கினா எப்ப கட்டி முடிப்பேன்னு தெரியும். பிள்ளைகிட்ட வாங்கினா அது தெரியாதேம்மா."

அடுத்த தீபாவளிக்கு நான் 4,000 வெள்ளி தருகிறேன் என்றேன். சரி என்றார், ஒரு நிபந்தனையோடு. மாதாமாதம் 200 வெள்ளி கட்டுவாராம், நான் வாங்கிக்கொள்ளவேண்டுமாம். நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார்.