9999 இன் 1

விருதுநகர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா, நேற்று பரணைக் காலி செய்தோம். அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு, உன் பிளஸ் டூ நோட்டுகள், ஓட்டை விழுந்த கேரம் போர்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் அந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட். மேலே ஒட்டிய மாரியோ படத்தில் மீசை மட்டும்தான் மிச்சம். ஆனால் "9999 இன் 1" என்ற எழுத்து மட்டும் அப்படியே பளபளவென்று இருக்கிறது.

அப்பா மதுரைக்குப் போன இடத்தில் வாங்கி வந்தது. முழுப் பரீட்சை லீவு. கோடு போட்ட நோட்டில் ஆட்டங்களின் பெயரை வரிசையாக எழுத ஆரம்பித்தோம். 37-இல் நின்றுபோனது. 38-ஆவது மறுபடியும் மாரியோ, இந்த முறை நேராக இரண்டாம் உலகத்திலிருந்து. 39 பழைய டாங்க் ஆட்டமே, பெயர் மட்டும் புதுசு. நான் அழுதேன். நீ, "மத்ததெல்லாம் உள்ள பூட்டி வச்சிருக்கு, அதுக்கு ஒரு கோடு இருக்கு, பெரிய பிள்ளை ஆனதும் சொல்றேன்" என்றாய். அதை எத்தனை வருஷம் நம்பினேன் என்று சொன்னால் மதினி சிரிப்பார்கள், வேண்டாம்.

சின்னவனிடம் காட்டினேன். "இதுக்குள்ள டேப் எங்கம்மா?" என்கிறான். கேசட் என்று சொல்லிவிட்டோமே! ஜப்பான்காரர்களும் இதைக் கேசட் என்றுதான் சொல்வார்களாம், நமக்கு அந்தத் துணை போதும். இரண்டு திருகாணியைக் கழற்றித் திறந்தோம். அவ்வளவு பெரிய டப்பாவுக்குள் உள்ளங்கையில் பாதிகூட வராத பச்சைப் பலகை. நடுவில் தார் சொட்டியது மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அதற்கடியில்தான் சில்லு. கீழ் ஓரத்தில் பக்கத்துக்கு 30 வீதம் 60 தங்க நிறப் பட்டைகள், சில பச்சை பூத்திருக்கின்றன. ஆட்டம் வராதபோதெல்லாம் நாம் ஊதிய எச்சில்தான், வேறென்ன. ஊதாதே என்று நின்டென்டோவே எச்சரித்திருந்ததாம். நமக்குக் கிடைத்தது நகல், எச்சரிக்கை எங்கே வரும்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டி.டி.பி. வேலையில் நாள் முழுக்க ஃபைல் அளவு பார்க்கிறவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. நாம் விளையாடிய பெட்டி, நின்டென்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபாமிகாமின் நகல். அதோடு முதல் நாளே வந்த டாங்கி காங் 24 கிலோபைட். அவ்வளவு சின்ன ஆட்டமாகவே 9999 வேண்டுமென்றால் 234 மெகாபைட் ஆகிறது. பின்னால் வந்த நின்டென்டோ 64-இன் மிகப் பெரிய கேசட்டே 64 மெகாபைட்தான். இரண்டு சி.டி.யில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ஐ 1999-இல் அதற்குள் திணித்ததையே இன்றுவரை வித்தையாகப் பேசுகிறார்கள். ஆகவே அண்ணா, பூட்டி வைக்க உள்ளே இடமே இல்லை.

ஆனால் கோபமாக எழுத உட்காரவில்லை. கணக்கு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சூப்பர் மாரியோ முழுவதும் எவ்வளவு தெரியுமா? 40 கிலோபைட். 1985-இல் வந்த அந்த எட்டு உலகமும், பாட்டும், தண்ணீருக்கடியில் நீந்துவதும் எல்லாம் சேர்த்து! ஃபாமிகாமின் மூளைக்குக் கேசட்டில் ஒரே நேரத்தில் 32 கிலோபைட் தெரியும், படம் வரைகிற சில்லுக்கு 8. கூடுதல் சில்லு எதுவும் சேர்க்காவிட்டால் அதுதான் எல்லை. அதை உருவாக்கிய மியாமோட்டோவும் தெசுகாவும் அந்த எல்லைச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் ஆட்டத்தை முடித்திருக்கிறார்கள்.

படத்துக்கான அந்த 8 கிலோபைட்டைக் கோலம் போடுகிற மாதிரி யோசித்துப் பார். எட்டுக்கு எட்டு புள்ளி, அது ஒரு சின்னக் கட்டம். அப்படி மொத்தம் 512 கட்டம். மாரியோ, ஆமை, காளான், குழாய், செங்கல், எழுத்து, எண் எல்லாம் இதற்குள். அதனால் மேகமும் புதரும் ஒரே கோலம், மேலே வைத்தால் வெள்ளைப் பொடி, கீழே வைத்தால் பச்சைப் பொடி. நான் எத்தனை ஆயிரம் தடவை அந்தப் புதரைத் தாண்டியிருப்பேன், கண்ணில் படவே இல்லை. நடந்து வருகிற அந்தக் காளான் பயலுக்கு நடக்க இரண்டாவது படமே கிடையாது. ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள், நமக்கு அது கால் மாற்றி நடக்கிறது.

இதைக் கேள், இதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. மாரியோவில் 5-3, அதாவது ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் நிலை, பழைய 1-3-ஏதான், பலகைகளைச் சின்னதாக்கித் தோட்டாக்களைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். 6-4, பழைய 1-4. 7-2, பழைய 2-2. அதாவது நம்மை ஏமாற்றிய கேசட் செய்ததையேதான் அசல் மாரியோவும் செய்திருக்கிறது! ஒன்று தெரிந்ததும் அழுதேன், இன்னொன்று இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியவே இல்லை. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நீ என்ன சொல்வாய்?

காண்ட்ரா ஆட்டத்துக்கு 128 கிலோபைட். மூளைக்கு 32-தானே தெரியும் என்று கேட்பாய். கேசட்டுக்குள்ளேயே ஒரு சில்லு இருந்து, வேண்டிய பக்கத்தை மட்டும் பார்வைக்குத் திருப்பி வைக்கும். நம் மஞ்சள் கேசட்டும் அப்படிப் பக்கம் திருப்பித்தான் 37-ஐக் காட்டியிருக்கிறது.

எழுத்துக்கும் இடம் பிடிக்குமே என்று நம் தொழில் புத்தி போனது. 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் 64 கிலோபைட். எல்லா எழுத்தையும் வைக்க இடமில்லாமல், ஜப்பானியக் கடகனா எழுத்துகளில் சுமார் இருபதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார் அதை வடிவமைத்த ஹோரி யூஜி. கடகனாவில் எழுத வேண்டிய பெயரெல்லாம் அந்த இருபதுக்குள் அடங்கியாக வேண்டும். ளகரம் கிடையாது, ஙகரம் கிடையாது, இந்தா கதை எழுது என்று என்னிடம் சொன்னால் வேலையை விட்டே போய்விடுவேன். மூன்றாம் பாகம் 256 கிலோபைட், அதுவும் போதவில்லை. கறுப்புத் திரையில் வெறும் தலைப்பு, வேறு அலங்காரம் ஒன்றுமில்லை.

போகிமான் கதை இன்னும் அழகு. 1996-இல் கேசட் முடிகிற நேரம், பிழை தேடும் கருவிகளை எடுத்ததும் சுமார் 300 பைட் காலியாகியிருக்கிறது. புரோகிராமர் மோரிமோட்டோ ஷிகேகி அதற்குள் மியூ என்ற பிராணியைச் செருகிவிட்டார். முந்நூறு பைட்! தமிழில் ஒரு 'க' தட்டினாலே மூன்று போய்விடும், துணைக்கால் போட்டால் ஆறு. 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கே நாற்பதைத் தாண்டும். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தால் பாதி மாரியோ ஆகும் போல.

நீ பெரிய ஆளாட்டம் "பதினாறு மெகாடா" என்று ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் பற்றித் தெருவில் அளந்தாயே, அது மெகாபிட். எட்டால் வகுத்தால் 2 மெகாபைட். விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள், அங்கேயும் அப்படித்தான்.

பெட்டி எங்கே போனது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கேசட்டைத் திரும்ப மூடி ஒரு திருகாணி போட்டுவிட்டேன். இன்னொன்று எங்கேயோ உருண்டு போய்விட்டது, காலையில் வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் தேட வேண்டும். நீ தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறாயா, இல்லை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று எழுது. அந்த நோட்டும் கிடைத்தது, 37-க்குக் கீழே உன் கையெழுத்தில் "மீதி நாளைக்கு" என்றிருக்கிறது.

உன் தங்கை