ஸ்காபரோவின் பழைய மரங்கள்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எம்மவர்கள் நெருக்கமாக வாழும் வீதிகள் பல, இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் 1950களில் உருவானவை. எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். அந்தக் காலத்தில் நட்ட கன்றுகள் இன்று கூரையைவிட இருமடங்கு உயரத்தில் நிற்கின்றன. கோடையில் இந்த வீதிகளால் நடந்து போனால் வெயில் தெரியாது. நோர்வே மேப்பிள், வெள்ளி மேப்பிள், ஓக், ஸ்புரூஸ் என்று அவற்றின் பெயர்களைப் பள்ளிக்கூடம் போகும் எங்கள் பிள்ளைகளிடம்தான் கேட்டுப் பழகினோம்.

நாங்கள் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வீட்டின் பின்வளவிலும் ஒரு வெள்ளி மேப்பிள் நிற்கிறது. அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்றடித்தால் மரம் முழுவதும் மினுங்கும். ஆனால் கெதியாக வளரும் மரம் என்பதால் கொப்புகள் இலகுவில் முறியும். எங்கள் மரத்தின் தடித்த கொப்பு ஒன்று பிள்ளைகள் படுக்கும் அறைக்கு மேலாக நீண்டிருந்தது. 2013 டிசம்பரில் பெய்த பனிக்கட்டி மழையில் கொப்புகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்ததையும், ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்ததையும் அயலவர்கள் இன்றும் சொல்வார்கள். அதைக் கேட்ட பிறகு, காற்றடிக்கும் இரவுகளில் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நின்றாலும் எங்கள் மனம் அந்தக் கொப்பில்தான் நிற்கும்.

ஒருநாள் ட்ரக்கோடு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். காசாகத் தந்தால் நாளைக்கே அடியோடு தறித்துத் தருவதாகவும், இல்லையென்றால் தலையை மொட்டையாக வெட்டிவிடலாம் என்றும் சொன்னார். அனுமதி, காப்புறுதி பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். அவரை அனுப்பிவிட்டு நகரசபையின் விதிகளைத் தேடி வாசித்தோம்.

மரம் சொந்தக் காணியில் நின்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அதன் விட்டம் 30 சென்றிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால், ரொறன்ரோவில் அனுமதியின்றித் தறிக்க முடியாது. தையல் நாடாவால் சுற்றி அளந்தால் ஏறத்தாழ 94 சென்றிமீற்றர் வரும். மீறினால் அபராதம் ஒரு மரத்துக்கு 500 டொலரில் தொடங்கி 1 இலட்சம் டொலர் வரை போகும். வீட்டுக்கு முன்னால் வீதியோரம் நிற்கும் மரம் பெரும்பாலும் நகரசபையினுடையது. அது சின்ன மரமானாலும் நாங்கள் கைவைக்கக் கூடாது, 311 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

எல்லைக் கதியாலுக்காகக் கோடு கச்சேரி ஏறிய குடும்பங்களை நாங்கள் ஊரில் கண்டிருக்கிறோம். இங்கே ஒன்ராறியோவின் வனச்சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அடிமரம் எல்லையில் நின்றால் அது இருவீட்டாருக்கும் பொதுச் சொத்து. ஒருவரின் சம்மதமில்லாமல் மற்றவர் தறிப்பது குற்றம்.

மரங்களைப் பராமரிக்கப் படித்தவரை இங்கே ஆர்போரிஸ்ற் என்பார்கள். ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பதால் வாள் வைத்திருக்கும் எவரும் வரலாம். விசாரிப்பது எங்கள் பொறுப்பு. ஐ.எஸ்.ஏ. எனப்படும் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ் உண்டா என்று கேட்டு, இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அடுத்தது காப்புறுதி. வேலைத்தலத்தில் காயப்பட்டு வீட்டில் இருக்கும் தோழர்களை எங்களுக்குத் தெரியும். காப்புறுதியில்லாத ஒருவர் எங்கள் மரத்திலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்தை யார் பார்ப்பது? செய்யும் வேலையையும் கூலியையும் எழுத்தில் வாங்குவதும் அவசியம்.

எங்களிடம் வந்த ஆர்போரிஸ்ற் ஒரு பெண். அவர் கொப்பைப் பார்க்க முன்னர் குனிந்து வேரடியைப் பார்த்தார். சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் கேட்டார். மரம் உறுதியாக இருக்கிறது, தறிக்கத் தேவையில்லை என்றார். நீண்ட கொப்பைக் குறைத்து, இரண்டாகப் பிரியும் கவருக்கு மேலே இரும்புக் கம்பிவடத்தால் பிணைத்தால் போதும் என்றார். முறையாகக் கத்தரிப்பதற்கு நகரசபை அனுமதி தேவையில்லை. மொட்டையடித்தால் வெட்டுவாயால் உக்கல் இறங்கும், அதிலிருந்து கிளம்பும் புதுக் கொப்புகள் பலமில்லாமல் பின்னர் முறியும் என்று விளங்கப்படுத்தினார். வெட்டிய இடத்தில் பெயின்ற் பூசக்கூடாது, மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். மரத்தை வைத்திருக்கப் போகிறோமென்றால் முள் சப்பாத்துடன் ஏறுபவரை விடக்கூடாது. அவர் கேட்ட கூலி எங்கள் ஒரு கிழமைச் சம்பளம். அது பெரிய காசுதான். ஆனாலும் தறிக்கும் செலவைவிடக் குறைவு. இலையில்லாத மாசிக் குளிரில் வேலை முடிந்தது.

மிச்ச வேலை எங்களுடையது. வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், கொப்புகளின் பரப்பையும் தாண்டி ஓடுகிறது. ஆகவே அங்கே காரை நிறுத்துவதில்லை, மண் குவிப்பதில்லை. மரத்தூள் சிராய்களை 5 முதல் 10 சென்றிமீற்றர் தடிப்பில், அடிமரத்தில் முட்டாமல் பரப்பியிருக்கிறோம். மழையில்லாத கிழமைகளில் ஆறுதலாகத் தண்ணீர் விடுகிறோம்.

குயின் வீதி கிழக்கில், லெயிங் தெருவில் முன்னர் ஒரு வெள்ளி மேப்பிள் நின்றது. 1867இல் அலெக்சாண்டர் மியூர் எழுதிய 'த மேப்பிள் லீவ் ஃபொரெவர்' பாட்டுக்கு அதன் இலைதான் காரணம் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். 2013 ஜூலையில் புயற்காற்று அதைச் சாய்த்தது. அதன் மரத்தை வீசிவிடாமல் எடுத்துப் பல பொருட்கள் செய்தார்கள். ஒரு மரத்தோடு இந்த ஊர்ச் சனங்களுக்கும் இவ்வளவு சொந்தம் உண்டென்று அதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

ஊரில் நாங்கள் விட்டுவந்த மாமரத்துக்கு இப்போது எங்களால் எதுவும் செய்ய முடியாது. இந்த மேப்பிளுக்குச் செய்யலாம். வளவில் பெரிய மரமுள்ள வாசகர்களே, வாள்காரருக்குக் காசு கொடுக்க முன்னர், மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒருமுறை காட்டுங்கள்.