குடிபெயர்வதா, நிற்பதா?

வாழ்ந்த ஊரை விட்டு வேறோர் ஊரிற் சென்று வாழ்வதா என்னும் வினா எவர்க்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் எழுவதாகும். பெரும்பாலார்க்கு அதனைப் பிழைப்பே முடிவு செய்துவிடும், ஆராய்தற்கு இடமிராது. எம் வீட்டார்க்கோ சென்ற ஆண்டு ஆராய்தற்கென மூன்று திங்கள் கிடைத்தன. சென்னையில் நிற்பதா, நாகர்கோவிலுக்குச் செல்வதா என்பதே வினா. அம்மூன்று திங்களில் யாம் எண்ணியனவும் பிழைபட எண்ணியனவும், படிப்பு முடிந்தபின் எவ்வூரில் வாழ்வது என்று மயங்கும் நண்பர்க்கு ஒருகாற் பயன்படலாம் என்று கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

வடசென்னையில் தாழ்ந்த தெருவொன்றில் ஒரு வாடகை வீடு எம்முடையது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அதனுள் இடுப்பளவு நீர் நின்றது. எமக்கு அப்பொழுது ஒன்பது வயது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயலின்போது நீர் மீண்டும் புகுந்தது. அவ்விரவு கட்டிலின்மேல் நாற்காலியும், நாற்காலியின்மேல் தம்பியின் பாடநூல்களும் ஏற்றி வைத்துவிட்டு, விடியுமளவும் யாவரும் விழித்திருந்தோம். "பேசாமல் அம்மா இருக்கிற ஊருக்கே போய்விடலாமா?" என்றார் தந்தையார். அன்று விளையாட்டாக எழுந்த பேச்சுப் பின்னர் வினையாயிற்று. அவர் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த அச்சகம் ஆட்குறைப்புச் செய்தது. தாளின் தூசும் மையின் நெடியும் தந்த இழைப்பு நோயோடும் ஒரு சிறு தொகையோடும் அவர் வீடு வந்து சேர்ந்தார்.

தந்தையாரின் ஊர் நாகர்கோவில். எழுபத்தெட்டு வயதான எம் பாட்டியார் ஆண்டு ஓர் ஓட்டு வீட்டில் தனியே வாழ்கின்றார். எம் தாயாரோ சென்னையிற் பிறந்து வளர்ந்தவர். பதினைந்து ஆண்டுகளாக ஒரே பள்ளியில் ஆசிரியையாய் இருப்பவர். "அது உங்களுக்குச் சொந்த ஊர், எனக்கு மாமியார் ஊர்தானே?" என்று அவர் ஒரு முறை கூறியதற்குத் தந்தையாரிடத்து விடையில்லை. ஆகவே ஒருநாள் இரவு உணவுக்குப் பின் தந்தையார் எம்மை நோக்கி, "நீ தமிழ் படிக்கிற பிள்ளை. இரண்டு பக்கமும் பார்த்து எழுதிக்கொண்டு வா, உட்கார்ந்து பேசுவோம்" என்றார்.

அப்பொழுது யாம் வகுப்பில் தொல்காப்பியப் பொருளதிகாரம் பயின்றுகொண்டிருந்தோம். ஆசிரியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பர். நிலமும் பொழுதும் முதல். உணவு, மரம், புள், தொழில் முதலியன கரு. அந்நிலத்து மக்களின் ஒழுக்கம் உரி. கற்ற நூலைக் காட்டிக்கொள்ளும் இளமைச் செருக்கினால் ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடிட்டு, மேலே இம்மூன்று பெயரையும் எழுதினோம்.

முதற்பத்தி விரைவில் நிரம்பிற்று. நாகர்கோவில் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் தாழ்ந்து முடியுமிடத்து அதன் அடியில் அமைந்த ஊர். வடக்கே தாடகை மலை தெரியும். தெற்கே சிறிது தொலைவில் கடல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் அந்நாட்டிற் பெய்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்று முப்பந்தலிற் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னையில் 46 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நாகர்கோவிலில் 2 இலட்சத்து 24 ஆயிரத்துச் சொச்சம். 2019-ஆம் ஆண்டில் அது மாநகராட்சி ஆயிற்று. எனினும் நெரிசல் மிக்க பெருநகர் அன்று.

இவற்றை எழுதியபொழுது, மலையடியில் வாழ்வார்க்குத் துன்பமே இல்லை என்பதுபோல் எமக்குத் தோன்றிற்று. தந்தையாருக்கு மருத்துவம் பார்ப்பவரே அம்மயக்கத்தை முதலிற் கலைத்தார். ஈரக்காற்று இழைப்பு நோயாளர் சிலர்க்கு நன்மையும் சிலர்க்குத் தீமையும் செய்யும். ஊர் மாறினால் நோய் மாறும் என்று எண்ணற்க என்றார். பின்னர்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினோம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஓகிப் புயல் குமரி மாவட்டத்தில் இரப்பர் மரங்களையும் வாழைத்தோட்டங்களையும் சாய்த்தது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மீளவேயில்லை. எம் வீட்டில் நீர் புகுந்த அதே 2023 டிசம்பரில், இரு வாரங்கூடக் கழியாமுன், தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டிற்று. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் பதிவாயிற்று. வெள்ளத்துக்கு அஞ்சி ஊர் மாறுவோர், மழை தம்மைத் தொடராது என்று உறுதி கொள்ளல் இயலாது.

கருப்பொருளுக்குரிய இரண்டாம் பத்தியில் நன்மையும் குறையும் கலந்தே நின்றன. கோதையாற்றுக்குக் குறுக்கே 1906-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை வயல்கட்கு நீரூட்டுகின்றது; முக்கடல் அணையினின்று நகர்க்குக் குடிநீர் வருகின்றது. மீனும் மரச்சீனிக் கிழங்கும் மட்டிப்பழமும் எளிதிற் கிடைக்கும். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நிற்க, தொழில் என்னும் இடத்தில் எம் எழுதுகோல் தயங்கிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கிற் குமரி மாவட்டத்துக் கல்வியறிவு நூற்றுக்கு 91-க்கு மேல். மாநிலத்தில் அதுவே முதலிடம். கற்றவர் மிகுதி, ஊரில் வேலை குறைவு. ஆதலின் அவ்வூர் இளைஞர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகட்கும் செல்கின்றனர். தாயார் கடிதம் எழுதி வினவிய பள்ளிகள் இரண்டும், அவர் அந்நாளிற் பெற்றுவந்த ஊதியத்திற் பாதியே தர இசைந்தன.

மூன்றாம் பத்தியில் 'உரி' என்னும் தலைப்பு மட்டும் நின்றது. அதன்கீழ் யாது எழுதுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டோம்.

தைத் திங்கள் விடுமுறையில் தந்தையாரும் யாமும் இரவு வண்டியேறினோம். விடியற்காலையில் ஆரல்வாய்மொழியை அணுகும்பொழுது இருபுறத்தும் மலைகள் எழுந்து வருவதைக் கண்டோம். தந்தையார் சன்னற்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாது நின்றார். வீடு சேர்ந்ததும் குறிப்பேட்டுடன் புறப்பட்டுவிட்டோம். முதல்நாள் பேச்சிப்பாறை, மறுநாள் வடசேரிச் சந்தையும் மருத்துவமனையும், வாடகை விலை விசாரிப்பும். மூன்றாம் நாட் காலையில் செருப்பை மாட்டும்பொழுது, பாட்டியார் திண்ணையில் அமர்ந்தபடியே, "மக்களே, நீ மலையைப் பார்க்க வந்தியா, என்னைப் பார்க்க வந்தியா?" என்று கேட்டார்.

சினந்து கேட்டாரல்லர், சிரித்துக்கொண்டே கேட்டார். எனினும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றோம். அன்றுதான் அவ்வீட்டை உண்மையிற் பார்த்தோம். அடுக்களை மின்விளக்கு ஐப்பசியிலேயே அவிந்துபோயிற்றாம். முக்காலியில் ஏறி மாற்ற அஞ்சி, மூன்று திங்களாகப் பகலிலேயே சமைத்து முடித்துவிடுகின்றார். ஒருநாள் வடித்த சோற்றில் நீர் ஊற்றி மறுநாளும் உண்கின்றார். கிணற்றடியிற் பாசி படிந்திருந்தமையாற் பின்வாசலைத் திறப்பதில்லை. இவற்றுள் ஒன்றையேனும் அவர் தொலைபேசியிற் சொன்னதில்லை. யாமும் கேட்டதில்லை. விளக்கை மாற்றுதற்கு எமக்கு இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. ஆயின் அவ்விரண்டு நிமிடத்திற்கு அவ்வீட்டில் ஆளில்லை.

முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினொன்று முறையே சிறந்தன என்று தொல்காப்பியர் கூறுவதை ஆசிரியர் வகுப்பில் விளக்கியபொழுது, தேர்வுக்குரிய குறிப்பாகவே எழுதிக்கொண்டோம். நிலத்தினும் சிறந்தது அந்நிலத்து மக்களின் ஒழுக்கம் என்னும் அதன் பொருள் அவ்வடுக்களையில்தான் விளங்கிற்று. மலையையும் மழையையும் விலையையும் அளந்த யாம், யார்க்கு யார் வேண்டும் என்பதை அளக்க மறந்தோம்.

சென்னை மீண்டபின் மூன்றாம் பத்தியை நிரப்பினோம். 'பாட்டியார் இருட்டிற் சமைக்கின்றார்' என்று ஒரு வரி எழுதினோம். நேர்மையின் பொருட்டு அதன்கீழே, 'தாயார் தம் தோழியரையும் பதினைந்து ஆண்டுப் பணியையும் இழப்பார்' என மற்றொரு வரியும் எழுதினோம். உரிப்பொருள் ஒரு பக்கமே சாய்வதன்று.

தாயார் தாளை இரு முறை படித்தார். பின், "அத்தையை இங்கே வரச்சொல்லி யாராவது கேட்டீர்களா?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை! அவரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். தாத்தாவின் கல்லறை இருக்கும் ஊரை விட்டு வரவியலாது என்று கூறிய பாட்டியார், "நான் வாங்கன்னு கூப்பிடவும் மாட்டேன், வந்தா வேண்டாம்னு சொல்லவும் மாட்டேன்" என்றார். தாயார் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "தம்பிக்குத் தேர்வு முடியட்டும், போவோம்" என்றார். சொந்த ஊர் என்று கூறிய தந்தையார் அல்லர். மாமியார் ஊர் என்று கூறியவரே முடிவு செய்தார். மிக இழப்பவர் அவரே ஆதலின், முடிவும் அவருடையதாக இருந்தது முறையே என்று இப்பொழுது எண்ணுகின்றோம்.

வைகாசியில் மூவரும் சென்றனர். யாம் கல்லூரி விடுதியிற் சேர்ந்தோம். எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுதினாற் பொய்யாகும். தந்தையாருக்கு இழைப்புக் குறைந்துள்ளது. ஆயின் ஆடி மழையில் நான்கு இரவுகள் உட்கார்ந்தே உறங்கினார். தாயார் பாதி ஊதியத்தை ஈடுசெய்ய மாலையிலும் பிள்ளைகட்குப் பாடம் சொல்லுகின்றார். "மலை அழகாகத்தான் இருக்கிறது, பேசுவதற்குத்தான் ஆள் பழகவேண்டும்" என்று ஒரு நாள் கூறினார். ஞாயிறு மாலைகளில் விடுதி மாடியில் நிற்கும்பொழுது, செல்வதற்கு இந்நகரில் எமக்கு வீடில்லை என்பது நெஞ்சை உறுத்தும். ஆயினும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால், அடுக்களையிற் பாத்திரம் உருளும் ஓசையும், தம்பியைப் பாட்டியார் அதட்டும் குரலும் கேட்கின்றன.

ஊர் மாற எண்ணும் நண்பர்காள்! நீவிரும் தாளை எடுத்து எழுதுவீராக. நிலத்தையும் நீரையும் ஊதியத்தையும் எழுதுக, அவை வேண்டுவனவே. ஆயின் மூன்றாம் பத்தியை முதலில் நிரப்புக.