சும்மா போய் வருவதற்கு

நம்ம சனங்க கடல் தாண்டினது புதுசு இல்லை. 1853ல் மார்த்தினிக்குத் தீவுக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிரெஞ்சுக் கப்பல் போனது. அதற்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து எத்தனையோ கப்பல்கள் போயின. கரும்புக் கொல்லையில் வெட்டவும் சுமக்கவும் போனவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா வேலைக்குப் போன பெண்களும் உண்டு. கூலியாகப் போனோம், சொல்தாவாகப் போனோம், ஆயாவாகப் போனோம். ஒவ்வொரு பயணத்துக்கும் பின்னால் ஒரு வேலை இருந்தது, வேலை வாங்க ஒருத்தன் இருந்தான். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்று எங்கள் வம்சத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் சும்மா போகப் போகிறோம். அதுவும் தேனிலவுக்கு. பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனி என்று மூன்று நாடு, பதினாலு நாள். இருவருக்கும் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டக் கூடாது.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தை மாதம் கல்யாணம். மண்டபம் பிடிக்கவில்லை, சீர்வரிசை வாங்கவில்லை. தெருவில் பந்தல் போட்டு, அம்பேத்கர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டு, முந்நூறு பேருக்குச் சோறு போட்டோம். அதில் மிச்சமானதும் ரெண்டு வருசமாக நான் கட்டிய சீட்டுப் பணமும்தான் இந்த நாலு லட்சம்.

அம்மாவுக்கு முதலில் கோபம். "சவரன் வாங்கிப் போட்டா நாளைக்கு உதவும். ஊரு சுத்தறதுக்கு யாராவது இவ்ளோ காச கொட்டுவாங்களா? எனக்குக் கல்யாணம் ஆகி மூணாம் நாளு சித்தாள் வேலைக்குப் போனேன். உங்கப்பா சாரத்து மேல நிக்கறாரு, நான் கீழேர்ந்து கலவைச் சட்டி தூக்கித் தரேன். அதான் எங்க ஹனிமூனு" என்றது. சொல்லிவிட்டு அதுவே சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் விசயம் தெரிந்ததும் கூட வேலை செய்கிற ஒரு டீச்சர் சொன்னார்: "எதுக்குங்க அவ்ளோ தூரம்? நம்ம பாண்டிச்சேரியே பிரான்சு மாதிரிதானே. ஒயிட் டவுன்ல ரெண்டு நாள் ரூம் போட்டா ஆச்சி." மெட்ராசிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புது சோடிகள் அதற்குத்தான் வருகிறார்கள். மஞ்சள் சுவரில் சாய்ந்து, காகிதப்பூக் கொடிக்குக் கீழே போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர்களை எங்கள் குடும்பம் பின்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறது. என் ஆயா பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு வீட்டில் பாத்திரம் கழுவியது. கொல்லைக் கதவு வழியாகப் போய் அதே வழியாக வரணும். இன்றைக்கு அந்த மாதிரி வீடெல்லாம் ஓட்டலாகிவிட்டது. ஒரு ராத்திரி வாடகை பாரீசில் நாங்கள் பார்த்து வைத்திருக்கும் அறையைவிட அதிகம்.

டீச்சர் சொன்னதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பாண்டிச்சேரி நிஜமாகவே பிரான்சாக இருந்த காலத்தில்தான் எங்கள் தெரு ரெண்டாகப் பிரிந்தது. 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16ல். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பினால் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கணும், கொடுக்காதவர்கள் இந்தியர்கள். என் தாத்தாவின் அண்ணன் சைகோனில் சொல்தாவாக இருந்தவர். அவருக்கு விவரம் தெரியும், எழுதிக் கொடுத்தார். தாத்தா ஆலைத் தொழிலாளி. கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும், வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி சும்மா இருந்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேர், ஒரே தெரு, ரெண்டு நாடு.

அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். பாரீசுக்கு வடக்கே கார்ழ் என்கிற புறநகரில் இருக்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்தால் போதும், கிளம்பிவிடலாம். எங்களுக்கோ விரல் ரேகையிலிருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் காட்டணும். இதனால்தான் இந்த ஊரில் 'நேஷனாலிட்டி' உள்ள மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தனி விலை. என் வீட்டுக்காரருக்குக்கூட அப்படி ஒரு இடம் வந்ததாம். "அதைக் கட்டிக்கிட்டிருந்தா ஐரோப்பா ஓசியிலேயே கெடச்சிருக்கும்" என்று இப்போதும் என்னைச் சீண்டுவார்.

இனி கணக்கு. எங்களைப் போல ஆசைப்படுகிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் ஒரு சின்ன கிராமம். 1985ல் அங்கே போட்ட ஒப்பந்தத்தின் பெயரால் இன்றைக்கு 29 நாடுகளுக்கு ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கணும். எங்களுக்குப் பாரீசில் ஐந்து ராத்திரி, பிரசெல்சில் ரெண்டு, பானில் ரெண்டு, ஸ்திராஸ்பூரில் மூன்று, திரும்பவும் பாரீசில் ஒன்று. பதின்மூன்றில் ஒன்பது ராத்திரி பிரான்சு, அதனால் பிரெஞ்சு விசா. ஆறு மாசத்துக்கு முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி பதினைந்து நாளுக்குள் என்றால் வாங்க மாட்டார்கள்.

2024 சூனிலிருந்து கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நிலையத்தின் சேவைக் கட்டணமும் சேர்த்து இருவருக்கும் 22,000. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், அதற்கு 4,000. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் பாரீசு போய் வர 1,16,000. அறை வாடகை ஒரு ராத்திரிக்கு 7,000 வீதம் 91,000. ஊருக்கு ஊர் போக பஸ், ரயில் 28,000. சாப்பாடு ஒரு நாளைக்கு 3,000 வீதம் 42,000. உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் 35,000. அவசரத்துக்கு 40,000. கூட்டினால் 3,78,000. மிச்சம் 22,000ல்தான் அம்மாவுக்கு ஒரு சால்வை.

இதில் ஏழைக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ரயிலிலும் விமானத்திலும் மலிவான சீட்டு எல்லாம் ரத்து செய்தால் காசு திரும்பாத சீட்டு. விசாவோ கடைசியில்தான் கையில் கிடைக்கும். பணக்காரன் விலை கூடின சீட்டை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். நாங்கள் என்ன செய்தோம் என்றால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் போட்டோம். விமானத்துக்கு முன்பதிவு காட்டினாலே போதும், முழுப் பணமும் கட்டியிருக்கணும் என்று விதி இல்லை. பஸ், ரயில் சீட்டு விசா வந்த அன்றைக்கே எடுப்பதாக முடிவு.

பாரீசில் ஒரு வாரத்துக்கான ரயில் அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். அதனால் திங்கட்கிழமை போய் இறங்குகிற மாதிரி நாள் குறித்தோம். அதன் விலை ஏறக்குறைய 32 யூரோ. விமான நிலைய ரயிலும் அதிலேயே அடக்கம். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை நுழைவதற்கும் 32 யூரோ. ஐரோப்பியருக்கு 22தான், 2026 சனவரியிலிருந்து வெளியாளுக்குத்தான் இந்த விலை. ஒரு சனம் ஒரு விலை, இன்னொரு சனம் இன்னொரு விலை என்பது நமக்குப் பழகினதுதானே. மோனலிசாவை விட்டுவிட்டோம். ஈபிள் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கக் காசு இல்லை.

சுவிட்சர்லாந்து போகலையா என்று கேட்காத ஆள் இல்லை. சினிமாப் பாட்டு அப்படி. பனிமலை ரயிலுக்குக் கொடுக்கிற காசில் நாங்கள் ரெண்டு நாள் சாப்பிட்டுவிடுவோம். லண்டன் மேல்தான் அவருக்கு ஆசை. பாபாசாகேப் தங்கியிருந்த வீடு இருக்கிறது. 2015ல் மகாராட்டிர அரசு வாங்கி நினைவகம் ஆக்கியது. ஆனால் லண்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். ரெண்டு ராத்திரி மனசு கேட்காமல் இருந்தார். அப்புறம் நான்தான் பானைக் கண்டுபிடித்தேன். 1922ல் பாபாசாகேப் பான் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டார். அங்கே படிப்பை முடிக்கவில்லை, லண்டனில்தான் முடித்தார். 1920ல் அவர் லண்டனுக்குத் திரும்பிப் போனபோது இருந்தது சொந்தச் சேமிப்பும் ஷாகு மகாராசா கொடுத்த உதவியும் நண்பரிடம் வாங்கின கடனும்தான். சிக்கனமாக ஐரோப்பா பார்ப்பது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர அவரைவிட யார் இருக்கிறார்கள்? ஆனால் அவர்கூட சும்மா போகவில்லை. நமக்காகப் படிக்கப் போனார். அந்த வாசலில் நின்று நாங்கள் ரெண்டு பேரும் கைகோத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கோபம் வராது என்றே நினைக்கிறேன்.

பெரிய ஆயா, அதாவது தாத்தாவின் அண்ணன் சம்சாரம், எண்பது தாண்டினது, ஆறு மாசம் இங்கே ஆறு மாசம் அங்கே. அது கூப்பிட்டுச் சொன்னது: "ஓட்டலுக்கு ஏன் பணத்தக் கட்றீங்க? உங்க பெரியப்பன் வூட்ல தங்குங்க. மேரியில எழுதி வாங்கி அனுப்பச் சொல்றேன்." மேரி என்பது அங்கே நகராட்சி. உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு அங்கே ஒரு சான்று தருவார்கள். அது இருந்தால் பிரான்சில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் காட்டவேண்டிய பணம் 65 யூரோவிலிருந்து பாதியாகக் குறையும். வாடகையும் மிச்சம். ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ரெண்டு அறை வீட்டில் ஆறு பேரோடு நாங்களும். பெரியப்பா மனசாரத்தான் கூப்பிடுகிறார். ஆனால் தேனிலவுக்குப் போய்ப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் படுப்பதா? எங்கள் தெருவில் கல்யாணம் ஆன சோடிக்குத் தனி அறை என்பது எப்போதும் கனவு. தட்டிக்கு இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் புதுப்பெண். பதின்மூன்று ராத்திரி ஒரு கதவைச் சாத்திக்கொள்ளத்தான் இந்த 91,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

பாரம் நிரப்ப ஒரு ஏஜெண்டிடம் போனோம். அவர் எங்கள் முகவரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேலைக்கா போறீங்க? உண்மையச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி செய்யலாம்" என்றார். தேனிலவு என்றேன். "உங்க ஏரியாவுலேர்ந்தா?" என்று சிரித்தார். எழுந்து வந்துவிட்டோம். பாரத்தை நாங்களே நிரப்பினோம். துறையிலிருந்து தடையில்லாச் சான்று, சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, கல்யாணப் பதிவு எல்லாம் அடுக்கினோம். திரும்பி வருவோம் என்பதை நிரூபிக்கத்தான் இத்தனை காகிதமும். எங்கே திரும்பி வரமாட்டோமோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். எங்கே நாம் வெளியே கிளம்பிவிடுவோமோ என்று இவர்கள் பயப்படுகிறார்கள்.

பிரான்சைக் கும்பிட்டு விழப் போகவில்லை. அவன் ஆண்டபோதே இந்த ஊர் மாதா கோயிலுக்குள் பறையருக்கும் மற்ற கிறித்தவருக்கும் நடுவில் சுவர் இருந்தது என்று ஆனந்தரங்கப் பிள்ளை 1745லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஸ்திராஸ்பூரில் ஒன்றைப் பார்க்கணும். 2017லிருந்து அங்கே ரைன் ஆற்றைத் தாண்டி டிராம் ஓடுகிறது. இந்தக் கரை பிரான்சு, அந்தக் கரையில் கேல், அது ஜெர்மனி. எத்தனை போரில் வெட்டிக்கொண்டு செத்த ரெண்டு தேசம்! இன்றைக்குக் காய்கறி வாங்க டிராம் ஏறி அடுத்த நாட்டுக்குப் போய் வருகிறான். நம்ம உத்தபுரத்தில் ஒரே ஊருக்குள் 1989ல் எழுப்பின சுவரில் ஒரு பகுதியை உடைத்து வழி விட 2008 ஆனது. அந்த டிராமில் ஒருதரம் போய், ஒருதரம் பாலத்தில் நடந்து திரும்பி வரணும் என்பது திட்டத்தில் இருக்கிறது. அதற்குச் செலவு ஒன்றுமே பெரிசில்லை.

பாரத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு பகுதி. வணிகம், மருத்துவம், படிப்பு, உறவினரைப் பார்த்தல் என்று வரிசையாகக் கட்டங்கள். நாங்கள் சுற்றுலா என்கிற கட்டத்தில் குறி போட்டோம். விசா வந்தால் மே மாதம் கிளம்புவோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரணும், மேல்முறையீடு செய்யலாம், செய்வோம். அதுவும் ஆகவில்லை என்றால் போகிற பணம் போகட்டும், அடுத்த சீட்டு மாசி மாதம் தொடங்குகிறது. அம்மா ஏற்கனவே அதில் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றது.