பால்கோவாவும் பள்ளிக்கூடமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிக் கண்ணசந்தால் ஊர் வந்துவிடும். கண்ணசராதீர்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மே மாதமென்றால் மலைக்குப் போட்டியாக, பார்க்கிற சுவரிலெல்லாம் 'அட்மிஷன் நடைபெறுகிறது!'

ராஜபாளையத்துக்காரரிடம் நாய்க்குட்டி விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. மூக்கு ரோஸ் கலரா, தாய் எது, தகப்பன் எது என்று ஜாதகமே பார்த்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பால்கோவாவை ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்க்காமல் கால் கிலோ கட்டச் சொல்ல மாட்டார். இவர்களே பிள்ளைக்கு ஸ்கூல் தேடும்போது? டை இருக்கா, வேன் வருதா... முடிந்தது!

ஸ்கூலில் மூணு ரகம். அரசுப் பள்ளி ஒன்று. ஃபீஸ் கட்டும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. இன்னொன்று. நடுவே 'எய்டட்': நிர்வாகம் தனியார், வாத்தியார் சம்பளம் கவர்மெண்ட். அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் என்று அமெரிக்காவில் 'சார்ட்டர் ஸ்கூல்' 1992-ல்தான் வந்தது. அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. நம்ம எய்டட், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு.

"மெட்ரிக்னா பாடம் உசத்தி சார்" என்பார்கள். சமச்சீர் கல்வி வந்து 2011-லேயே பத்தாவது வரை ரெண்டுக்கும் ஒரே பாடத்திட்டம் ஆகிவிட்டது. சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியில் நிற்கும் அப்பா மோதிரத்தை அடகு வைத்துப் பல வருஷம் ஃபீஸ் கட்டுவது அதே பாடத்துக்குத்தான்.

உண்மையான வித்தியாசம் போர்டில் இருக்கும் ஒரே வார்த்தையில். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு; ஆறாவதிலிருந்தே கணக்கு. எய்டடுக்குக் கிடையாது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022-ல் அரசுப் பள்ளிக்குத்தான் வந்தது. எய்டட் தமிழ் மீடியம் பெண்கள் 2024-ல்தான் சேர்ந்தார்கள். ஆக, ஆறாங்கிளாஸில் எடுக்கும் முடிவு பிளஸ் டூவுக்கு அப்புறமும் துரத்தும்.

"எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கலையே" என்கிறீர்களா? அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை இருக்குமே. சாயங்காலம் மணி அடிக்கும்போது ஸ்கூல் வாசலில் நில்லுங்கள். வெளியே வரும் ஏழாங்கிளாஸ் பையனிடம் தமிழ்ப் பேப்பரில் ஒரு பாரா, இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பாரா வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

அதுதான் சார் விள்ளல். அரசோ, எய்டடோ, மெட்ரிக்கோ... தித்தித்தால் சேருங்கள்!